வேதிப் பிணைப்புகளின் முறிவும் உருவாக்கமும்

வேதிப் பிணைப்பு முறிவு, வேதிப் பிணைப்பு உருவாக்கம் ஆகியன ஏறத்தாழ எல்லா வேதிவினைகளிலும் நிகழும் இரு அடிப்படை நிகழ்வுகள் ஆகும். வினையில் ஈடுபடும் பொருட்களில் (வினைபடு பொருட்கள்) அணுக்களைப் பிணைத்து வைத்துள்ள பிணைப்புகளில் சில முறிந்து, அதே அணுக்களுக்கிடையே வேறு பிணைப்புகள் தோன்றுவதால் புதிய பொருட்கள் (வினைவிளை பொருட்கள்) உண்டாகின்றன. வேதிவினையின்போது அணுக்கருக்கள் மாறுவதில்லை. அணுக்களின் எண்ணிக்கையும் மாறுவதில்லை. அணுக்களின் வெளிப்பகுதியில் உள்ள எதிர்மின்னிகள் (இலத்திரன்கள்) பகிர்ந்துகொள்ளப்படும் முறை மட்டுமே மாறுகிறது.

இந்நிகழ்வுகளைப் பற்றிய இரண்டு விதிகள் வேதியியல் முழுமைக்கும் பொதுவானவை. ஒரு பிணைப்பை முறிக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். ஒரு பிணைப்பு உருவாகும்போது எப்போதும் ஆற்றல் வெளிப்படும். ஒரு வினை வெப்பத்தை வெளிவிடுமா, உள்வாங்குமா என்பது இவ்விரண்டின் வேறுபாட்டைப் பொறுத்தது. ஆனால் அவ்வினை விரைவாக நடக்குமா, நடக்காமலே கிடக்குமா என்பது பழைய பிணைப்பிலிருந்து புதிய பிணைப்பிற்குச் செல்லும் வழியைப் பொறுத்தது. இவ்விரு வினாக்களும் வேறு வேறானவை.

பிணைப்பு என்பது என்ன?

அணுக்கருக்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை. எதிர்மின்னிகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது ஓர் அணுவின் கரு மற்றதன் எதிர்மின்னிகளை ஈர்க்கிறது. அதே வேளையில் கருக்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. எதிர்மின்னிகளும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஈர்ப்பும் விலக்கமும் சமன் அடையும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் இவ்வமைப்பின் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும். அத்தொலைவு பிணைப்பு நீளம் எனப்படும். ஐதரசன் மூலக்கூறில் இது 74 பிக்கோமீட்டர் ஆகும்.

இரு அணுக்கள் ஒரு சோடி எதிர்மின்னிகளைப் பகிர்ந்துகொள்வதால் பிணைப்பு உண்டாகிறது என்னும் கருத்தை அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிசு 1916 ஆம் ஆண்டில் முன்வைத்தார். இவ்வகைப் பிணைப்பு சகப் பிணைப்பு (பங்கீட்டுப் பிணைப்பு) எனப்படுகிறது. பகிர்வதால் ஏன் ஆற்றல் குறைகிறது என்பதற்கான விளக்கத்தைக் குவாண்டம் இயங்கியலின் துணையுடன் வால்டர் ஐட்லர், பிரிட்சு இலண்டன் ஆகியோர் 1927 ஆம் ஆண்டில் ஐதரசன் மூலக்கூறுக்கு அளித்தனர்.

பிணைப்பை ஒரு பள்ளத்திற்கு ஒப்பிடலாம். பள்ளத்தில் கிடக்கும் கல்லை மேலே கொண்டுவர உழைப்பு தேவைப்படுவது போல, பிணைந்துள்ள அணுக்களைப் பிரிக்க ஆற்றல் தேவைப்படுகிறது. கல் பள்ளத்தில் விழும்போது ஆற்றல் வெளிப்படுவது போல, அணுக்கள் பிணையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. பள்ளம் ஆழமானதாக இருப்பின் பிணைப்பு வலியது. ஆழம் குறைந்ததாக இருப்பின் பிணைப்பு மெலியது.

பிணைப்பு உருவாகும்போது வெளிப்படும் ஆற்றல் எங்கேனும் சென்றாக வேண்டும் என்பதை ஒரு நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. வளிம நிலையில் இரண்டு தனித்த ஐதரசன் அணுக்கள் மோதிக்கொண்டால், பெரும்பாலும் அவை இணையாமல் மீண்டும் பிரிந்துவிடுகின்றன. இணைவதால் வெளிப்பட வேண்டிய ஆற்றல் அவற்றிடமே தங்கி, அவற்றைத் திரும்பப் பிரித்துவிடுவதே காரணம். அவ்வாற்றலைப் பெற்றுச் செல்ல மூன்றாவது மூலக்கூறு ஒன்றோ, கலத்தின் சுவரோ அருகில் இருந்தால்தான் நிலையான மூலக்கூறு உண்டாகும்.

பிணைப்பு ஆற்றல்

வளிம நிலையில் உள்ள ஒரு மோல் அளவு பிணைப்புகளை முறித்து அணுக்களைத் தனித்தனியே பிரிக்கத் தேவையான ஆற்றல் பிணைப்பு ஆற்றல் எனப்படும். இது மோலுக்குக் கிலோஜூல் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. சில பிணைப்புகளின் தோராயமான ஆற்றல்கள் வருமாறு:

புளோரின் – புளோரின்: 158
குளோரின் – குளோரின்: 242
கார்பன் – குளோரின்: 339
நைட்ரசன் – ஐதரசன்: 391
கார்பன் – ஐதரசன்: 413
ஐதரசன் – குளோரின்: 431
ஐதரசன் – ஐதரசன்: 436
ஆக்சிசன் – ஐதரசன்: 463
கார்பன் – புளோரின்: 485
ஆக்சிசன் – ஆக்சிசன் (இரட்டைப் பிணைப்பு): 498
நைட்ரசன் – ஆக்சிசன் (நைட்ரிக் ஆக்சைடில்): 631
கார்பன் – ஆக்சிசன் (கார்பன் டைஆக்சைடில் உள்ள இரட்டைப் பிணைப்பு): 799
நைட்ரசன் – நைட்ரசன் (முப்பிணைப்பு): 945

இவற்றுள் ஈரணு மூலக்கூறுகளுக்கான மதிப்புகள் நேரடியானவை. ஏனையவை சராசரி மதிப்புகள் ஆகும். ஒரே வகைப் பிணைப்பும் சூழலுக்கேற்ப மாறுபடும். எடுத்துக்காட்டாக, நீர் மூலக்கூறிலிருந்து முதல் ஐதரசனைப் பிரிக்க ஏறத்தாழ 497 கிலோஜூல் தேவை. எஞ்சியுள்ள ஐதரசனைப் பிரிக்க ஏறத்தாழ 428 கிலோஜூல் போதும். பட்டியலில் உள்ள 463 என்பது இவ்விரண்டின் சராசரி ஆகும்.

பிணைப்பு முறியும் வகைகள்

ஒரு சகப் பிணைப்பில் இரண்டு எதிர்மின்னிகள் உள்ளன. பிணைப்பு முறியும்போது அவை யாரிடம் செல்கின்றன என்பதைப் பொறுத்து முறிவு இருவகைப்படும்.

சீரான பிளவு: இரண்டு அணுக்களும் ஆளுக்கோர் எதிர்மின்னியை எடுத்துக்கொள்கின்றன. இதனால் சோடி சேராத எதிர்மின்னியைக் கொண்ட துணுக்குகள் உண்டாகின்றன. இவை தனி உறுப்புகள் எனப்படும். தனி உறுப்புகள் பெரும்பாலும் மிகுந்த வினைத்திறன் உடையவை; கிடைத்த மூலக்கூறிலிருந்து ஓர் அணுவையோ எதிர்மின்னியையோ பெற்றுச் சோடியை நிறைவு செய்ய முயல்பவை. வெப்பமோ ஒளியோ இவ்வகைப் பிளவை உண்டாக்கும். ஓரளவு நிலைத்திருக்கக்கூடிய கரிமத் தனி உறுப்பை முதன்முதலில் மோசசு கோம்பெர்க் 1900 ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

சீரற்ற பிளவு: எதிர்மின்னிச் சோடி முழுவதையும் ஓர் அணுவே எடுத்துக்கொள்கிறது. அது எதிரயனி ஆகிறது. மற்றது நேரயனி ஆகிறது. நீர் போன்ற முனைவுள்ள கரைப்பான்களில் இவ்வகைப் பிளவு மிகுதியாக நிகழ்கிறது.

கரைப்பானின் பங்கை ஐதரசன் குளோரைடைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். வளிம நிலையில் இம்மூலக்கூறைச் சீராகப் பிளந்து இரு அணுக்களாக்க 431 கிலோஜூல் போதும். அதையே ஐதரசன் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிளக்க ஏறத்தாழ 1395 கிலோஜூல் தேவை. ஆனால் அதே ஐதரசன் குளோரைடு நீரில் இட்டவுடன் அயனிகளாகப் பிரிந்து ஐதரோகுளோரிக் அமிலம் ஆகிறது. கரைசல் சூடும் அடைகிறது. பிரிந்த ஐதரசன் அயனி நீர் மூலக்கூறுடன் புதிய பிணைப்பை ஏற்படுத்திக்கொள்வதும், அயனிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் அணிவகுத்து ஈர்க்கப்படுவதும் பேரளவு ஆற்றலை வெளிவிடுகின்றன. முறிவுக்கான செலவை ஈடுசெய்து எஞ்சும் அளவுக்கு அவ்வாற்றல் போதுமானதாக உள்ளது. ஆகவே நீர் பிணைப்பை "வெட்டுவதில்லை". அதைவிட ஆதாயமான பிணைப்புகளை அளித்துப் பிரிக்கிறது.

பிணைப்பு உருவாவதும் இவ்விரு வகைகளின் மறுதலையாக நிகழும். இரு தனி உறுப்புகள் ஆளுக்கோர் எதிர்மின்னியைத் தந்து இணையலாம்; அல்லது எதிர்மின்னிச் சோடியுடைய ஒன்று (கருக்கவர் பொருள்) எதிர்மின்னிக் குறைவுள்ள மற்றொன்றுக்கு (எதிர்மின்னி கவர் பொருள்) அச்சோடியை வழங்கி இணையலாம்.

ஆற்றல் கணக்கு

முறிந்த பிணைப்புகளுக்கான ஆற்றலின் கூட்டுத்தொகையிலிருந்து, உருவான பிணைப்புகளுக்கான ஆற்றலின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வினையின் வெப்ப மாற்றம் தோராயமாகக் கிடைக்கும்.

ஐதரசன் + குளோரின் → 2 ஐதரசன் குளோரைடு

முறிவுக்கான செலவு: 436 + 242 = 678 கிலோஜூல்
உருவாக்கத்தில் வரவு: 2 × 431 = 862 கிலோஜூல்
வேறுபாடு: 184 கிலோஜூல் வெளிப்படுகிறது.

இது வெப்பம் உமிழ் வினை ஆகும்.

மீத்தேன் + 2 ஆக்சிசன் → கார்பன் டைஆக்சைடு + 2 நீர் (நீராவியாக)

முறிவுக்கான செலவு: (4 × 413) + (2 × 498) = 2648 கிலோஜூல்
உருவாக்கத்தில் வரவு: (2 × 799) + (4 × 463) = 3450 கிலோஜூல்
வேறுபாடு: 802 கிலோஜூல் வெளிப்படுகிறது.

நைட்ரசன் + ஆக்சிசன் → 2 நைட்ரிக் ஆக்சைடு

முறிவுக்கான செலவு: 945 + 498 = 1443 கிலோஜூல்
உருவாக்கத்தில் வரவு: 2 × 631 = 1262 கிலோஜூல்
வேறுபாடு: 181 கிலோஜூல் உள்வாங்கப்படுகிறது.

இது வெப்பம் கொள் வினை ஆகும். காற்றின் பெரும்பகுதி நைட்ரசனும் ஆக்சிசனும் கலந்ததாக இருந்தும் அவை இயல்பான வெப்பநிலையில் வினைபுரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மின்னல் வெட்டும் இடத்திலும், ஊர்திகளின் எந்திரங்களுக்குள்ளும் உள்ள மிக உயர்ந்த வெப்பநிலையில் மட்டுமே இவ்வினை குறிப்பிடத்தக்க அளவில் நிகழ்கிறது. நகரங்களின் காற்று மாசில் நைட்ரசன் ஆக்சைடுகள் இடம்பெறுவது இதனால்தான்.

"பிணைப்பில் ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது" என்னும் தவறான கருத்து

எரிபொருளின் பிணைப்புகளை உடைத்தால் அவற்றுள் அடைபட்டிருக்கும் ஆற்றல் வெளிப்படுகிறது என்னும் கருத்து மாணவர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. இது தவறானது. மேற்கண்ட மீத்தேன் கணக்கில் முறிவுக்கு 2648 கிலோஜூல் செலவே ஆகிறது; அங்கு எந்த ஆற்றலும் வெளிப்படவில்லை. கார்பன் டைஆக்சைடும் நீரும் உருவாகும்போதுதான் 3450 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஆகவே எரிதலின் வெப்பம், மெலிந்த பிணைப்புகளின் இடத்தில் வலிய பிணைப்புகள் வருவதால் கிடைப்பதாகும்.

இதில் ஆக்சிசனின் பங்கு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. இரட்டைப் பிணைப்பு என்ற வகையில் ஆக்சிசன் மூலக்கூறின் பிணைப்பு வலிமை குறைந்தது. கார்பனுடனும் ஐதரசனுடனும் அதே ஆக்சிசன் ஏற்படுத்தும் பிணைப்புகள் மிக வலியவை. விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு போன்ற வேறுபட்ட எரிபொருட்கள் யாவும் எரியும்போது வெப்பம் தருவதற்கு இதுவே முதன்மையான காரணம். எரிபொருள் மட்டும் தனித்து ஆற்றல் தருவதில்லை. எரிபொருளும் ஆக்சிசனும் சேர்ந்த அமைப்பே ஆற்றல் தருகிறது.

உயிர்வேதியியலிலும் இதே குழப்பம் எழுகிறது. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனக் கூறப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டு (ஏ.டி.பி) மூலக்கூறில் "உயர் ஆற்றல் பிணைப்பு" உள்ளதென்றும், அது உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறதென்றும் பாடநூல்கள் பலவற்றில் கூறப்படுவதுண்டு. உண்மையில் பாசுபரசுக்கும் ஆக்சிசனுக்கும் இடையிலான அப்பிணைப்பை முறிக்கவும் ஆற்றல் செலவாகிறது. நீருடன் வினைபுரிந்து உண்டாகும் விளைபொருட்களில் புதிய பிணைப்புகள் அமைகின்றன. நெருங்கியிருந்து ஒன்றையொன்று விலக்கிய எதிர்மின்னேற்றங்கள் விலகிச் செல்கின்றன. நீர் மூலக்கூறுகள் விளைபொருட்களை நன்கு சூழ்ந்துகொள்கின்றன. இவை அனைத்தின் நிகர விளைவாகவே, செந்தர நிலைமைகளில் மோலுக்கு ஏறத்தாழ 30 கிலோஜூல் பயன்படு ஆற்றல் கிடைக்கிறது.

முறிவும் உருவாக்கமும் ஒரே வேளையில்

மேற்கண்ட கணக்குகளில் எல்லாப் பிணைப்புகளும் முதலில் முறிந்து, பின்னர் புதியவை உருவாவதாகக் கொள்ளப்பட்டது. கணக்கிடுவதற்கு இது வசதியானது. ஆனால் மூலக்கூறுகள் பெரும்பாலும் இவ்வாறு வினைபுரிவதில்லை.

இதற்கு மிக எளிய எடுத்துக்காட்டு, ஓர் ஐதரசன் அணு ஓர் ஐதரசன் மூலக்கூறுடன் மோதி, அதிலுள்ள ஓர் அணுவை வெளியேற்றிவிட்டுத் தான் அவ்விடத்தைப் பிடிக்கும் வினையாகும். பழைய பிணைப்பு முழுவதும் முறிந்த பிறகே புதிய பிணைப்பு உருவாகும் எனில் 436 கிலோஜூல் தேவைப்படும். ஆனால் உண்மையில் தேவைப்படுவது ஏறத்தாழ 40 கிலோஜூல் மட்டுமே. வரும் அணு நெருங்க நெருங்கப் புதிய பிணைப்பு உருவாகத் தொடங்குகிறது. அதே வேளையில் பழைய பிணைப்பு நீண்டு மெலிகிறது. உருவாகும் பிணைப்பு தரும் ஆற்றல், முறியும் பிணைப்பிற்கான செலவில் பெரும்பகுதியை உடனுக்குடன் ஈடுசெய்துவிடுகிறது.

இவ்வழியில் ஆற்றல் மிகுந்திருக்கும் உச்சிப்புள்ளியில் மூன்று அணுக்களும் ஒரே கோட்டில், இரண்டு பிணைப்புகளும் அரைகுறையாக உள்ள நிலையில் இருக்கின்றன. இது நிலைமாற்றக் கட்டம் எனப்படும். இதைத் தனியே பிரித்தெடுத்து வைக்க இயலாது. மலைக்கணவாயின் உச்சியைக் கடப்பது போல மூலக்கூறுகள் இதனைக் கடந்து செல்கின்றன. வினைபடு பொருட்களிலிருந்து இவ்வுச்சிக்கு ஏறத் தேவையான ஆற்றல் கிளர்வுறு ஆற்றல் ஆகும். இக்கருத்தை 1889 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் சுவாந்தே அரீனியசு விளக்கினார். என்றி ஐரிங், மைக்கேல் போலானி ஆகியோர் 1931 ஆம் ஆண்டில் மேற்கூறிய ஐதரசன் வினைக்கு ஆற்றல் பரப்பை வரைந்தனர். நிலைமாற்றக் கட்டக் கோட்பாடு 1935 ஆம் ஆண்டில் முழுவடிவம் பெற்றது.

வெப்பம் உமிழ் வினைகள் அனைத்தும் தாமாகவே உடனே நிகழ்ந்துவிடாததற்குக் கிளர்வுறு ஆற்றலே காரணம். ஐதரசனும் ஆக்சிசனும் கலந்த கலவை அறை வெப்பநிலையில் மாற்றமின்றி நெடுங்காலம் இருக்கும். ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி தேவைப்படுவதும் இதனால்தான். முதல் சில மூலக்கூறுகளை உச்சிக்கு ஏற்றிவிட்டால், அவை வெளிவிடும் வெப்பமே அடுத்தவற்றை ஏற்றிவிடும்.

கரிம வேதியியலில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, மெத்தில் புரோமைடு ஐதராக்சைடு அயனியுடன் வினைபுரிந்து மெத்தனால் ஆகும் வினையாகும். ஐதராக்சைடு அயனி, புரோமின் இருக்கும் பக்கத்திற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கார்பனை அணுகுகிறது. அது பிணையப் பிணையப் புரோமின் விலகுகிறது. கார்பனுடன் உள்ள மூன்று ஐதரசன் அணுக்களும், காற்றில் குடை மறுபக்கம் மடங்குவதைப் போல, எதிர்ப்புறம் சாய்கின்றன. இத்தகைய தலைகீழ் மாற்றத்தின் விளைவைப் பால் வால்டன் 1896 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். அதன் வழிமுறையை 1930களில் எட்வர்டு இயூசு, கிறித்தோபர் இங்கோல்டு ஆகியோர் நிறுவினர்.

எனினும், முறிவு முதலிலும் உருவாக்கம் பின்னரும் நிகழும் வினைகளும் உள்ளன. கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் உள்ள மூவிணைய பியூட்டைல் புரோமைடில் எதிர்ப்பக்கம் நெருக்கடியாக இருப்பதால் எதிரயனி அணுக முடிவதில்லை. நீர் கலந்த கரைப்பானில் புரோமைடு அயனி முதலில் விலகி, கார்பன் நேரயனி சிறிது நேரம் தோன்றுகிறது. பின்னர் அதனுடன் புதிய பிணைப்பு அமைகிறது. ஆகவே ஒரே வகைச் சேர்மங்களுக்குக்கூட வழி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சங்கிலி வினைகள்

ஐதரசனும் குளோரினும் கலந்த கலவையை இருட்டில் வைத்தால் அறை வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழாது. வெயிலில் வைத்தால் வெடிக்கும். இக்கலவையில் மிக மெலிந்த பிணைப்பு குளோரின் மூலக்கூறினுடையது. அலைநீளம் 494 நானோமீட்டருக்குக் குறைவான ஒளியின் ஒரு துகள் அதனை முறிக்கப் போதுமானது. நீல ஒளி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் பின்னர் பின்வரும் இரு படிகள் மாறி மாறி நிகழ்கின்றன.

குளோரின் அணு + ஐதரசன் மூலக்கூறு → ஐதரசன் குளோரைடு + ஐதரசன் அணு
ஐதரசன் அணு + குளோரின் மூலக்கூறு → ஐதரசன் குளோரைடு + குளோரின் அணு

முதற்படியில் 436 செலவாகி 431 வரவாவதால் 5 கிலோஜூல் மட்டுமே உள்வாங்கப்படுகிறது. இரண்டாம் படியில் 242 செலவாகி 431 வரவாவதால் 189 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பிணைப்பு முறிகிறது, ஒன்று உருவாகிறது. ஒரு தனி உறுப்பு மறைகிறது, மற்றொன்று தோன்றுகிறது. ஒரே ஒளித்துகள் பல்லாயிரக்கணக்கான மூலக்கூறுகளை உருவாக்கிவிடுவதை 1913 ஆம் ஆண்டில் மேக்சு போடன்சுடைன் கண்டறிந்தார். மேற்கண்ட இரு படிகளை 1918 ஆம் ஆண்டில் வால்டர் நெர்ன்சுட்டு முன்மொழிந்தார். இரு தனி உறுப்புகள் தம்முள் இணையும்போது சங்கிலி அறுபடுகிறது. வினைகளின் வழிமுறை பற்றிய ஆய்வுகளுக்காக நிக்கொலாய் செமியோனவ், சிரில் இன்செல்வுட் ஆகியோர் 1956 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். சங்கிலி வினைகள் அவ்வாய்வுகளில் முதன்மையான இடம் பெற்றிருந்தன.

நைட்ரசனின் முப்பிணைப்பு

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன் ஆகும். புரதங்களையும் மரபுப் பொருளையும் ஆக்க எல்லா உயிர்களுக்கும் நைட்ரசன் தேவை. ஆயினும் காற்றிலுள்ள நைட்ரசனைத் தாவரங்களோ விலங்குகளோ நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அதன் முப்பிணைப்பை முறிக்க 945 கிலோஜூல் தேவைப்படுவதே இதற்குக் காரணம்.

நைட்ரசனும் ஐதரசனும் சேர்ந்து அம்மோனியா ஆவது ஆற்றல் கணக்கின்படி ஆதாயமான வினையே. செலவு 945 + (3 × 436) = 2253 கிலோஜூல்; வரவு 6 × 391 = 2346 கிலோஜூல்; 93 கிலோஜூல் வெளிப்படும். எனினும் வழியிலுள்ள தடை மிக உயரமானது. வெப்பநிலையை உயர்த்தினால் தடையைத் தாண்டலாம். ஆனால் வெப்பம் உமிழ் வினை என்பதால் உயர் வெப்பநிலையில் அம்மோனியா மீண்டும் சிதைந்து, சமநிலையில் கிடைக்கும் அளவு குறைந்துவிடும்.

இச்சிக்கலுக்குச் செருமானிய வேதியியலாளர் பிரிட்சு ஏபர் 1909 ஆம் ஆண்டில் உயரழுத்தமும் வினையூக்கியும் கொண்டு தீர்வு கண்டார். கார்ல் பாசு அதனைத் தொழிலக அளவுக்கு வளர்த்தெடுத்தார். முதல் ஆலை 1913 ஆம் ஆண்டில் செருமனியின் ஒப்பாவு என்னுமிடத்தில் இயங்கத் தொடங்கியது. இம்முறையில் இரும்பு வினையூக்கியாகப் பயன்படுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 400 முதல் 500 பாகை செல்சியசு வரை இருக்கும்.

வினையூக்கி ஆற்றல் கணக்கை மாற்றுவதில்லை, வழியை மாற்றுகிறது. நைட்ரசன் மூலக்கூறு இரும்பின் பரப்பில் ஒட்டும்போது, இரும்பின் எதிர்மின்னிகள் மூலக்கூறின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களுக்குள் ஓரளவு நுழைந்து முப்பிணைப்பை மெலிவிக்கின்றன. நைட்ரசன் அணுக்கள் பிரியும்போதே இரும்புடன் பிணைந்துகொள்வதால் முறிவின் செலவு ஈடுசெய்யப்படுகிறது. பின்னர் ஐதரசன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அம்மோனியா உண்டாகிறது. முப்பிணைப்பு முறியும் படியே வினையின் வேகத்தை நிர்ணயிக்கிறது என்பது உள்ளிட்ட பரப்பு வினைகள் பற்றிய ஆய்வுகளுக்காகக் கெரார்டு எர்ட்டில் 2007 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கான உணவு, இம்முறையில் ஆக்கப்படும் உரங்களைச் சார்ந்து விளைகிறது என மதிப்பிடப்படுகிறது. இதே அம்மோனியாவிலிருந்து வெடிமருந்துகளும் செய்யப்படுவதால், முதல் உலகப் போரில் செருமனி நெடுங்காலம் போரிடுவதற்கு இம்முறை துணை நின்றது.

உளுந்து, பயறு, நிலக்கடலை போன்ற தாவரங்களின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இதே முப்பிணைப்பை மண்ணின் இயல்பான வெப்பநிலையிலேயே முறிக்கின்றன. நைட்ரசனேசு என்னும் நொதி, எதிர்மின்னிகளையும் ஐதரசன் அயனிகளையும் படிப்படியாகச் சேர்த்து இதனைச் செய்கிறது. இதற்கும் செலவு உண்டு. ஒரு நைட்ரசன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏ.டி.பி மூலக்கூறுகள் செலவாகின்றன. இவ்வாற்றலைத் தாவரம் வழங்கும் சர்க்கரையிலிருந்து பாக்டீரியா பெறுகிறது.

ஓசோன் படலமும் கார்பன்–குளோரின் பிணைப்பும்

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் நச்சற்றவை, எரியாதவை, எதனுடனும் எளிதில் வினைபுரியாதவை. நிலப்பரப்புக்கு அருகில் அவற்றின் பிணைப்புகளை முறிக்க ஏதுமில்லாததால் அவை மெல்ல மெல்ல அடுக்குமண்டலம் வரை சென்றடைகின்றன. அங்கு ஏறத்தாழ 220 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் அவற்றின் கார்பன்–குளோரின் பிணைப்பை முறிக்கின்றன. வலிமை மிகுந்த கார்பன்–புளோரின் பிணைப்பு அல்லாமல், மெலிந்த கார்பன்–குளோரின் பிணைப்பே முதலில் முறிகிறது. இதனால் விடுபடும் குளோரின் அணு பின்வருமாறு வினைபுரிகிறது.

குளோரின் அணு + ஓசோன் → குளோரின் மோனாக்சைடு + ஆக்சிசன் மூலக்கூறு
குளோரின் மோனாக்சைடு + ஆக்சிசன் அணு → குளோரின் அணு + ஆக்சிசன் மூலக்கூறு

ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிசன் அணுவைப் பிரிக்க ஏறத்தாழ 105 கிலோஜூல் போதும். அவ்வணு குளோரினுடன் ஏற்படுத்தும் பிணைப்பு அதைவிட மிகவும் வலியது. ஆகவே முதற்படி எளிதில் நிகழ்கிறது. சுழற்சியின் இறுதியில் குளோரின் அணு மாறாமல் மீள்வதால், ஓர் அணுவே ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லதாகிறது.

மாரியோ மொலினா, செர்வுட் ரோலண்டு ஆகியோர் 1974 ஆம் ஆண்டில் இவ்வாபத்தை எடுத்துரைத்தனர். 1985 ஆம் ஆண்டில் அண்டார்க்டிக்காவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது அறிவிக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் மொண்ட்ரியால் நெறிமுறை உருவானது. மொலினா, ரோலண்டு, பால் குருட்சன் ஆகியோருக்கு 1995 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெறிமுறை தொடர்ந்து பின்பற்றப்பட்டால் அண்டார்க்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 2066 ஆம் ஆண்டளவில் 1980 ஆம் ஆண்டின் நிலையை மீண்டும் எட்டும் என 2022 ஆம் ஆண்டின் பன்னாட்டு அறிவியல் மதிப்பீடு கூறுகிறது. குளோரின் நீங்கலான, அல்லது தாழ்வான வளிமண்டலத்திலேயே முறிந்துவிடக்கூடிய பிணைப்புகளைக் கொண்ட சேர்மங்களை மாற்றாகத் தேர்ந்ததே இம்மீட்சிக்கு வழிவகுத்தது.

பிணைப்பு முறிவை நேரில் காணுதல்

மூலக்கூறில் உள்ள அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஓர் அதிர்வுக்கு ஆகும் காலம் பொதுவாக 10 முதல் 100 பெம்டோநொடிகள் ஆகும். ஒரு நொடியை நூறு கோடிப் பங்குகளாக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்து இலட்சம் பங்குகளாக்கினால் கிடைப்பது ஒரு பெம்டோநொடி. பிணைப்பு முறிவும் ஏறத்தாழ இதே கால அளவில் நிகழ்வதால், அதனை நேரில் கண்டறிவது நெடுங்காலம் இயலாததாகக் கருதப்பட்டது.

எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அகமது செவைல், மிகக் குறுகிய சீரொளித் துடிப்புகளைக் கொண்டு 1987 ஆம் ஆண்டில் இதனை நிகழ்த்திக் காட்டினார். முதல் துடிப்பு அயோடின் சயனைடு மூலக்கூறைக் கிளர்த்தி அதன் பிணைப்பை முறியத் தொடங்கச் செய்தது. சிறிது காலம் தாழ்த்தி அனுப்பப்பட்ட இரண்டாம் துடிப்பு, அக்கணத்தில் துணுக்குகள் எவ்வளவு விலகியுள்ளன என்பதைக் காட்டியது. பிணைப்பு முறிய ஏறத்தாழ 200 பெம்டோநொடிகள் ஆவது இதனால் அறியப்பட்டது. இப்பணிக்காக அவருக்கு 1999 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிணைப்பு முறிவு ஒரு கணத்தில் நிகழும் அறுபடுதல் அன்று, நீண்டு மெலிந்து பிரியும் தொடர்ச்சியான இயக்கம் என்பதை இவ்வாய்வுகள் கண்முன் நிறுத்தின.

இவற்றையும் பார்க்க

வேதிவினை
சகப் பிணைப்பு
கிளர்வுறு ஆற்றல்
வினையூக்கி
தனி உறுப்பு
ஏபர் முறை
ஓசோன் படலம்